இருபதாவது கல்

செங்கல் சூளை முதலாளி ராசநாயகத்தை ஊரே அண்ணாந்து பார்க்க வேண்டும். அதற்காகவே தன் பழைய எஸ்யூவிக்கு உயரமான டயர்களை மாட்டினார். அதுவரை லிட்டருக்குப் பன்னிரண்டு கிலோமீட்டர் ஓடிய வண்டி, பிறகு பத்துதான் ஓடியது. டீசலைத் திருடுகிறான் என்று டிரைவர் சூசையை நடுச்சந்தையில் அடித்துத் துரத்தினார். அதன்பின் சூசைக்கு யாரும் வேலை தரவில்லை. குடித்தே செத்தான்.

அடுத்து வந்த வேதமுத்துவிடமும் வண்டி அதே பத்துதான் ஓடியது.

“ஏல, இந்த வாரத்துக்குள்ள பன்னெண்டு வரலேன்னா நீயும் சூசைதான்.”

“காட்டுதேன் மொதலாளி. நீங்க கூட வந்து ரோட்டோரக் கிலோமீட்டர் கல்லை மட்டும் எண்ணுங்க.”

வேதமுத்து ஒரு கல்லருகே வண்டியை நிறுத்தி, அவர் கண்ணெதிரே மீட்டரைப் பூஜ்யத்தில் வைத்துக் கிளம்பினான். முதலாளி ஒவ்வொரு கல்லாக உரக்க எண்ணினார். இருபதாவது கல்லில் வண்டி நின்றது. மீட்டர் பதினெட்டு காட்டியது.

“ஏல, மீட்டர் ரிப்பேரா?”

“இல்ல மொதலாளி. மீட்டர் சக்கரம் சுத்துறதைத்தான் எண்ணும், ரோட்டை எண்ணாது. உசந்த டயர் ஒரு சுத்துக்குக் கூடுதலாப் போயிருது, அந்தத் தூரம் மீட்டர்ல ஏறாது. மிச்சக் குறை அந்தக் கனத்த டயரை உருட்டுறதுல போகுது. திருடுனது உங்க டயருதான்.”

முதலாளி நெற்றியைத் துடைத்தார். “சரி, இதை யார்ட்டயும் சொல்லாத.”

“நான் சொல்லல. ஒருத்தர்ட்ட மட்டும் நீங்க சொல்லணும்.”

வேதமுத்து இறங்கிப் போய் அவர் பக்கத்துக் கதவைத் திறந்துவிட்டான். எதிரே கல்லறைத் தோட்டம். வாசலை ஒட்டியே சூசையின் சிலுவை நின்றது.