கண்மாய்ச் சேற்றில் ஒரு தலைமைப் பயிற்சி

வீரணன் பொய் சொல்ல மாட்டார். உண்மை அவருடைய காதுக்குள் எலியாகப் போகும். வாய் வழியாக வெளியே வரும்போது பெருச்சாளியாக இருக்கும். அவ்வளவுதான். கல்யாணமான நாளிலிருந்து ஒச்சம்மாளுக்கு இது பழக்கம். வரப்பில் நண்டு கடித்ததை முதலை கடித்ததாக அவர் சொன்னால், "மஞ்சள் வச்சீங்களா?" என்று மட்டும் கேட்பாள்.

போன ஆடி மாதம் வரைக்கும் எல்லாம் இந்த அளவில்தான் இருந்தது. அப்போதுதான், அவர் வேலை பார்க்கும் நூல் மில்லில், மேஸ்திரிகளையெல்லாம் மதுரைக்கு அழைத்துப் போய் ஒரு ஹோட்டலில் தலைமைப் பயிற்சி கொடுத்தார்கள். கோட்டுப் போட்ட ஒருவர் சுவரில் படம் காட்டினார். சேர்ந்து உழைப்பதை எறும்பிடம் கற்றுக்கொள்ளுங்கள், வழிநடத்துவதை யானையிடம் கற்றுக்கொள்ளுங்கள், அடுத்தவரைப் பார்த்துக்கொள்வதை ஆடுமாட்டிடம் கற்றுக்கொள்ளுங்கள் என்றார். தேனீ, வாத்து, ஓநாய் என்று இன்னும் வந்துகொண்டே இருந்தன. மத்தியானம் பிரியாணி போட்டார்கள். மற்ற மேஸ்திரிகள் பிரியாணியைச் சாப்பிட்டுவிட்டு வீடு திரும்பினார்கள். வீரணன் மட்டும் அத்தனை மிருகங்களையும் கூட்டிக்கொண்டு திரும்பினார்.

அன்றிலிருந்து படத்தில் பார்த்ததெல்லாம் அவர் நேரில் பார்த்ததாகிவிட்டது. ரசத்தில் உப்புக் குறைந்தால், "ஒரு தேன்கூட்டுல இப்படி நடக்குமா?" என்பார். தேனீ எப்போது ரசம் வைத்தது என்று ஒச்சம்மாள் கேட்பதில்லை. கேட்டால் அதற்கும் ஒரு கதை வரும்.

இப்படி இருக்கும்போதுதான் வீரணனின் தங்கை அழகுமயிலின் மகளுக்குக் காதுகுத்து வந்தது. குழந்தை தாய்மாமன் மடியில் உட்கார்ந்தால்தான் ஆசாரி ஊசியை எடுப்பார். மூத்த தாய்மாமன் வீரணன். பட்டுக்கரை வேட்டியும், கஞ்சி போட்ட சட்டையும், கழுத்தில் துண்டுமாக அவர் ஒரு வாரமாக மடியைத் தயார் செய்துகொண்டிருந்தார். சீர்த்தட்டுகள், வாழைத்தார், பிள்ளைக்குப் போட மாலை, இரண்டு கிடாய்கள் எல்லாவற்றையும் ஒரு குட்டி யானை வண்டியில் ஏற்றிக்கொண்டு, பின்னால் உறவுக்காரப் பெண்களும் பிள்ளைகளும் உட்கார, காலையில் கிளம்பினார்கள். ஓட்டியவன் பிச்சைமணி. முன்சீட்டில் வீரணன். பின்னால் நின்றுகொண்டு வந்தவன் அவருடைய தம்பி தவசி.

அழகுமயில் வீட்டுக் குலதெய்வக் கோயில் ஒரு கண்மாய்க்கு அக்கரையில் இருந்தது. கரை மேல் சுற்றிக்கொண்டு நல்ல பாதை போகிறது. ஆனால் கண்மாய் வற்றிக் கிடந்தது; குறுக்கே பார்த்தால் கோயில் வேப்பமரம் கைக்கு எட்டுகிற மாதிரி தெரிந்தது.

"குறுக்கே விடு," என்றார் வீரணன்.

"அண்ணே, மேலதான் காஞ்சிருக்கு. போன வாரம் பேஞ்ச மழை அடியில அப்படியே நிக்கும். சுத்தியே போயிருவோம்," என்றான் பிச்சைமணி.

"யானைக் கூட்டத்துல மூத்த யானை தும்பிக்கையக் காட்டுன பக்கம்தான் மத்ததெல்லாம் போகும். உன்னைய மாதிரி எந்த யானையும் குறுக்குக் கேள்வி கேக்காது."

பிச்சைமணி குறுக்கே விட்டான். கண்மாயின் நடுவில், அப்பளம் மாதிரி இருந்த மேல்மண் உடைந்து, பின்சக்கரம் இரண்டும் களிமண்ணுக்குள் இறங்கின. வண்டி ஒரு பெருமூச்சு விட்டு நின்றது.

நல்ல நேரம் பத்தரையோடு முடிகிறது. ஒச்சம்மாள் செருப்பைக் கழற்றி வைத்துவிட்டு முதல் ஆளாக இறங்கினாள். தவசி இறங்கினான். பெண்கள் இறங்கினார்கள். வீரணன் இறங்கவில்லை. சேற்றைப் பார்த்தார், வேட்டியைப் பார்த்தார், கதவைச் சாத்திக்கொண்டார்.

"தள்ளுங்க," என்று ஜன்னல் வழியாகத் தலையை நீட்டினார். "எறும்பு மாதிரி தள்ளணும். எங்க மில்லுல ஒரு நாளு நைட் ஷிப்டுக்கு ஒருத்தனும் வரல. குடோன்ல பஞ்சுப் பொதி மலையாக் கெடக்கு. நான் என்ன பண்ணேன்? ஒரு கட்டெறும்பக் கூப்பிட்டு விசயத்தச் சொன்னேன்."

"கூப்பிட்டீங்க," என்றான் பிச்சைமணி, ஆக்ஸிலரேட்டரை மிதித்தபடி.

"கூப்பிட்டேன். அது போயிக் கூட்டத்தோட வந்துச்சு. ஒரு பொதிக்கு ஒரு லட்சம் எறும்பு. அடியில புகுந்து தூக்கி மெசின் வரைக்கும் கொண்டாந்து வச்சுச்சு. ஒரு சத்தமில்ல, ஒரு சண்டையில்ல. விடிஞ்சதும் வரிசையா கேட்டு வழியா வெளிய போகுது. வாட்ச்மேன் ஒவ்வொண்ணாச் சோதனை போட்டுத்தான் விட்டான்."

"எதுக்குச் சோதனை?" என்று வண்டிக்குப் பின்னாலிருந்து தவசி மூச்சிரைக்கக் கேட்டான்.

"ஒரு நூலக் கூட எடுத்துட்டுப் போகக்கூடாதுல்ல. மில்லு சட்டம் மில்லு சட்டம்தான்."

சக்கரம் சுழன்று தள்ளியவர்கள் மேல் சேற்றை வாரி அடித்தது. வண்டி ஒரு சாண் முன்னே போய், ஒரு முழம் கீழே இறங்கியது.

ஒச்சம்மாளின் போன் அடித்தது. அழகுமயில்தான். "மதினி, எங்க இருக்கீக? மாமனாரு வாட்சையே பாத்துக்கிட்டு இருக்காரு. நேரத்துக்கு வரலைன்னா புள்ளையோட பெரியப்பா மடியில உக்கார வச்சு முடிச்சிருவோம்ங்கறாரு."

தாய்மாமன் இருக்கும்போது பெரியப்பா மடியில் காது குத்தினால், அந்தப் பேச்சு அந்தப் பிள்ளை வயசுக்கு வந்து, கல்யாணமாகி, பேரன் பேத்தி எடுத்தாலும் ஓயாது. மாமன் வீட்டில் மடிக்குப் பஞ்சமா என்று ஒவ்வொரு விசேஷத்திலும் கேட்பார்கள்.

"ஏங்க, கொஞ்சம் இறங்குங்க. உங்க எடையாவது குறையும்."

"தலைவன் எடை எடையில்ல ஒச்சு, அது பலம். நாம உசிலம்பட்டி ரோட்டுல வந்தப்ப வண்டியில பெட்ரோல் தீந்துச்சே, ஞாபகம் இருக்கா?" பின்னால் திரும்பி எல்லோருக்குமாகச் சொன்னார். "மேல பாத்தா காட்டு வாத்துக் கூட்டம். ஏர்க்கலப்பை மாதிரி ரெண்டு வரிசையாப் பறக்குது. முன்னாடி போற வாத்து காத்தக் கிழிக்கும், பின்னாடி வர்றதுக்கு நோவு தெரியாது. நான் கையக் காட்டுனேன். அம்புட்டும் இறங்கி என் வண்டிக்கு முன்னாடி வந்து பறக்க ஆரம்பிச்சிருச்சு. அந்தக் காத்தோட இழுப்புலயே செக்கானூரணி வரைக்கும் வண்டி வந்துச்சு. வேகத்தடை வந்தா வாத்தும் ஏறி இறங்குது. ரயில்வே கேட்டு சாத்தியிருந்துச்சு, அப்படியே அந்தரத்துல நிக்கிது."

"அன்னிக்குப் பின்னாடி நான் இருந்தேன்," என்றாள் ஒச்சம்மாள்.

"இருந்தயே."

"வண்டியத் தள்ளுனது நானு. நீங்க ஹேண்டில்பாரப் பிடிச்சுக்கிட்டு சீட்டுல உக்காந்து வந்தீங்க."

"பின்னாடி தள்ளிக்கிட்டு வந்தவளுக்கு முன்னாடி பறந்தது எப்படித் தெரியும்?" என்று வீரணன் கூட்டத்தைப் பார்த்துக் கேட்டார். கூட்டம் குனிந்து தள்ளிக்கொண்டிருந்தது. அவருக்குத் தெரிந்ததெல்லாம் முதுகுகள்தான்.

தவசி வண்டியைச் சுற்றி ஒரு தடவை நடந்தான். "இப்படியே தள்ளுனா நாளைக்கும் இங்கதான் நிப்போம் மதினி. சாமானை இறக்கிருவோம். அந்தா கெடக்கிற கருவேலமுள்ள வெட்டிச் சக்கரத்துக்கு அடியில போட்டா ஏறிரும்," என்றான்.

அதற்குப் பிறகு யாரும் யாருக்கும் எதுவும் சொல்ல வேண்டியிருக்கவில்லை. பிச்சைமணி சீட்டுக்கு அடியிலிருந்து அரிவாளை எடுத்துக் கொடுத்தான். பெண்கள் சீர்த்தட்டுகளைக் கைமாற்றிக் கைமாற்றிக் காய்ந்த மேட்டுக்குக் கொண்டு போனார்கள். பிள்ளைகள் கூட ஆளுக்கொரு சீப்பு வாழைப்பழத்தைத் தூக்கிக்கொண்டார்கள். ஒச்சம்மாள் செருப்பை மறுபடி மாட்டி, புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு, முள்ளைச் சக்கரத்துக்கு அடியில் காலால் மிதித்துத் திணித்தாள். வீரணன் உட்கார்ந்திருந்த சீட்டும் காலி செய்யப்பட வேண்டியதாயிற்று. பிச்சைமணி அவரைத் தோளில் தூக்கி, வந்த பக்கத்துக் கண்மாய்க் கரையில் கொண்டு போய் வைத்தான். வேட்டி நனையவில்லை.

"இங்கேருந்துதான் எல்லாம் சரியாத் தெரியுது," என்றார் வீரணன்.

ஒச்சம்மாள் இரண்டு கிடாய்க் கயிற்றையும் கொண்டு வந்து அவர் கையில் கொடுத்தாள். "இதுகளையாவது பிடிச்சிருங்க." மாலை நசுங்காமல் இருக்கட்டும் என்று அதை அவரே வாங்கிக் கழுத்தில் போட்டுக்கொண்டார்.

"பிச்சைமணி, முள்ளு போடும்போதே கேட்டுக்க," என்று கரையிலிருந்து கத்தினார் வீரணன். "மேகமலையில எனக்குக் காச்சல் வந்து காட்டுக்குள்ள விழுந்து கெடந்தேன். ஒரு யானைக் கூட்டம் வந்துச்சு. மூத்தவ என் நெத்தியில தும்பிக்கைய வச்சுப் பாத்தா. ஒருத்தி காதால விசிறுறா. ஒருத்தி காலப் பிடிச்சு விடுறா. இன்னொருத்தி சுக்குத் தட்டிக் கஷாயம் வச்சுட்டா."

"சுக்கு ஏதுண்ணே காட்டுல?"

"ஒரு குட்டிய அனுப்பிச் சின்னமனூர் சந்தையில வாங்கியாரச் சொன்னா."

"எதுல வச்சாக?"

"பாறையில குழி இருந்துச்சு, அதுல. கொதி வந்ததும் எனக்குக் குடுக்கல. முதல்ல தான் ஒரு வாய் குடிச்சுப் பாத்தா, சூடு தாங்குமான்னு. அது தலைவி. நான் குணமாகி எந்திரிச்சதும் எல்லா யானையும் வரிசையா நின்னு, 'அண்ணே, நீங்க இருந்து எங்களுக்குத் தலைமை தாங்கணும்'ங்கற மாதிரி என்னையப் பாத்துச்சு. எனக்குத்தான் மில்லுல லீவு இல்ல."

"அந்தத் தலைவியப் பாத்தா இந்தக் குட்டி யானைக்கும் ஒரு டம்ளர் கஷாயம் வாங்கியாங்கண்ணே," என்று சொல்லிவிட்டுப் பிச்சைமணி வண்டியில் ஏறினான்.

தவசி தோளைக் கொடுத்தான். ஒச்சம்மாள் அவனுக்குப் பக்கத்தில் தோளைக் கொடுத்தாள். முள் நொறுங்கியது, சக்கரம் பிடித்தது, வண்டி ஒரு உதறு உதறிக்கொண்டு மேலே ஏறி ஓடியது.

"நிறுத்தாத," என்று தவசி கத்தினான். "நின்னா மறுபடி இறங்கிரும். தட்டை ஏத்துங்க."

மேட்டருகே வண்டி ஊர்ந்து போக, பெண்கள் கூடவே ஓடித் தட்டுகளை உள்ளே தள்ளி, பிள்ளைகளைத் தள்ளி, தாங்களும் தொற்றி ஏறினார்கள். ஒச்சம்மாள் கடைசியாக ஒரு காலை வைத்துவிட்டுத் திரும்பிப் பார்த்தாள். கரையில் வீரணன் ஒரு கையைத் தூக்கிக்கொண்டு நின்றார். யாரும் இல்லாத கண்மாயைப் பார்த்து இன்னும் ஏதோ சொல்லிக்கொண்டிருந்தார். ஒரு கிடாய் அவர் கழுத்து மாலையை ரோஜாவிலிருந்து ஆரம்பித்து ஒழுங்காகத் தின்றுகொண்டிருந்தது. மற்றது எதிர்த்திசையில் இழுத்துக்கொண்டிருந்தது.

இறங்கினால் புருஷனோடு போகலாம். ஏறினால் சீரோடு போகலாம். ஒச்சம்மாள் அடுத்த காலையும் உள்ளே வைத்தாள்.

கோயிலில் ஆசாரி ஊசியோடு உட்கார்ந்திருந்தார். அழகுமயிலின் மாமனார் பெரியப்பனைப் பலகையில் உட்காரச் சொல்லியே விட்டார். தட்டுகள் இறங்குவதைப் பார்த்து அழகுமயிலுக்குக் கண் நிறைந்தது. "அண்ணன் எங்க மதினி?"

எல்லோரும் கண்மாயைப் பார்த்தார்கள். தூரத்தில் ஒரு வெள்ளைப் புள்ளி. அதன் இரண்டு பக்கமும் இரண்டு கறுப்புப் புள்ளிகள். வெள்ளைப் புள்ளி ஒரு முறை விழுந்து எழுந்தது.

"நேரம் போகுது," என்றார் மாமனார்.

ஒச்சம்மாள் தவசியைப் பார்த்தாள். தவசி பின்வாங்கினான். முழங்கால் வரை சேறு, தலைமுடியில் சேறு. "அண்ணன் வரட்டும் மதினி. அது அவரு மடி."

ஒரு வாரம் அவர் அந்த வேட்டியை எடுத்து எடுத்துப் பார்த்தது ஒச்சம்மாளுக்கு நினைவில் வந்தது. மனசு கேட்கவில்லைதான். இருந்தாலும் மணி யாருக்காகவும் நிற்பதில்லை. அவள் பெரியப்பனைப் பார்த்து, "எந்திரிங்க அண்ணே, மாமன் வந்தாச்சு," என்றாள். பிறகு தவசியின் தோளைப் பிடித்து அழுத்தி உட்கார வைத்தாள்.

பிள்ளை தவசியின் கன்னத்தில் காய்ந்திருந்த சேற்றைச் சுரண்டிக்கொண்டே இருந்தது. ஒரு காது முடிந்தது கூட அதற்குத் தெரியவில்லை. இரண்டாவது காதுக்குத்தான் அழுதது.

வீரணன் வந்து சேர்ந்தபோது முதல் பந்திக்கு இலை போட்டிருந்தார்கள். பட்டுக்கரை எந்த இடத்தில் இருந்தது என்று வேட்டியே மறந்திருந்தது. கழுத்தில் நார் மட்டும் தொங்கியது. பிள்ளையின் காதில் மின்னிய கம்மலைக் கொஞ்ச நேரம் பார்த்தார். தவசியைப் பார்த்தார். தொண்டையைச் செருமிக்கொண்டு நேராகப் போய் முதல் இலையில் உட்கார்ந்தார்.

"என்ன மாப்ள, மடி பிந்திருச்சே," என்று அழகுமயிலின் மாமனார் எதிரிலிருந்து வம்புக்கு இழுத்தார்.

"பிந்தல மாமா. பின்னாடி வந்தேன்." வீரணன் இலையில் தண்ணீர் தெளித்தார். "ஓநாய்க் கூட்டம் பனியில போறதப் பாத்திருக்கீகளா? நான் கூடவே நடந்திருக்கேன், இமயமலையில. முன்னாடி நோயாளி ஓநாய், நடுவுல குட்டியும் பொம்பள ஓநாயும். தலைவன் எங்க வரும்? கடைசியில. எல்லாம் பத்திரமாப் போயிச் சேந்துச்சான்னு பாத்துட்டுத்தான் வரும். தம்பியவும் பொம்பளைகளையும் முன்னாடி அனுப்பிட்டு நான் அப்படித்தான் வந்தேன். அந்த மடிய நானே அவனுக்கு விட்டுக் குடுத்தேன். தலைவன்னா அதுதான்."

பந்தியில் இரண்டு பேர் தலையாட்டினார்கள். கறிச்சட்டியும் கரண்டியுமாகப் பரிமாறிக்கொண்டு வந்த ஒச்சம்மாள் அவர் இலைக்கு முன்னால் நின்றாள்.

"ஏங்க, அந்தத் தலைவன் ஓநாய், கூட்டம் சாப்பிடும்போது என்ன பண்ணும்?"

வீரணனுக்கு முகம் மலர்ந்தது. இத்தனை வருஷத்தில் அவள் மேற்கொண்டு கேட்ட முதல் கேள்வி அது. "நல்லாக் கேட்ட ஒச்சு. வாயே வைக்காது. குட்டி, கிழடு, நோயாளி எல்லாம் வயிறார சாப்பிட்ட பிறகு, மிச்சம் இருந்தாத்தான் அது சாப்பிடும்."

"அப்ப எந்திரிங்க," என்றாள் ஒச்சம்மாள். "இன்னும் மூணு பந்தி இருக்கு."