எட்டு மாதமும் நான்கு வருஷமும்

"இது அநியாயம்," என்றார் ஹோரஸ்.

மூட்டை தோளில் ஏறிவிட்டது. மதியம் பேருந்து. துறவு ஏற்பவர் ஊரார் முன்னால் உறுதிமொழியை ஜப்பானிய மொழியில் சொல்ல வேண்டும் என்பது மடத்தின் விதி. ஹோரஸ் மூன்று முறை நின்றார். மூன்று முறையும் பாதியில் நாக்கு ஒட்டிக்கொண்டது. ஐம்பத்தெட்டு வயது ஆங்கிலேயருக்கு அதற்கு மேல் தாங்கவில்லை.

குரு ஷோகெய் அவரைவிட இருபது வயது இளைய பெண் துறவி. முற்றத்தில் கீரை ஆய்ந்துகொண்டிருந்தார்.

கோபம் வந்தால் ஹோரஸுக்கு ஆங்கிலம்தான் வரும். குரு தம் மொழியில், நிறுத்தி நிறுத்திப் பதில் சொல்வார்.

"என் தம்பி சிரில் இத்தாலியில் ஒரு மடத்தில் சேர்ந்தான். எட்டே மாதம். அந்த ஊர் மொழியிலேயே பிரசங்கம் செய்கிறானாம். கடிதம் எழுதியிருக்கிறான், பாருங்கள்."

"தம்பி கெட்டிக்காரரோ?"

"மக்கு. பள்ளிக்கூடத்தில் என்னைப் பார்த்து எழுதித்தான் தேறினான்."

"பின்னே எப்படி?"

"அங்கே எழுத்து எங்கள் எழுத்து. சொல்லில் பாதி எங்கள் சொல்லுக்கு ஒன்றுவிட்ட உறவு. இங்கே நாலு வருஷமாக நாய் படாத பாடு படுகிறேன். வாசல் பலகையை இன்னும் முழுசாகப் படிக்க முடியவில்லை. நேற்று காய்காரரிடம் மகாராஜாவிடம் பேசுவது போல் பேசிவிட்டு, உங்களை 'வாடி' என்கிற மாதிரி கூப்பிட்டிருக்கிறேன். சமையற்கட்டே சிரித்தது."

"நானும் சிரித்தேன்."

"மனிதர் பேசுவதற்கா இந்த மொழியைச் செய்தார்கள்?"

குரு கையைத் துடைத்துக்கொண்டு கடிதத்தை வாங்கினார். வாய்விட்டுப் படித்தார். ஆங்கிலத்தில்.

முதல் வரி முடியவே நேரமாயிற்று. ஒவ்வொரு சொல்லும் பல்லில் கடிபட்டு வந்தது. ஹோரஸ் திருத்தினார். மறுபடி திருத்தினார். மூன்றாம் வரியில் பொறுமை போயிற்று.

"இதில் என்ன கஷ்டம்? எங்கள் ஊரில் ஏழு வயதுப் பிள்ளை மடமடவென்று படிக்கும்."

குரு நிமிர்ந்து பார்த்தார்.

வேலிக்கு அப்பால் ஊர்ப் பிள்ளைகள் ஏதோ சண்டை போட்டுக்கொண்டு போனார்கள். மடமடவென்று, ஜப்பானிய மொழியில்.

ஹோரஸின் காது சிவந்தது. நான்கு வருஷமாகத் தம் ஆங்கிலக் கோபமெல்லாம் இவருக்கு எப்படிப் புரிந்தது என்று அவர் ஒரு நாளும் கேட்டதில்லை.

"எத்தனை வருஷமாகப் படிக்கிறீர்கள்?"

"பதினாறு."

"எதற்கு?"

"யாராவது வந்து திட்டினால் புரிய வேண்டாமா?"

"பதினாறு வருஷம். உங்களுக்குக் கோபம் வரவில்லையா?"

"தினமும் வருகிறது."

"யார் மேல்?"

"ஆள்தான் அகப்படவில்லை." குரு கடிதத்தைத் திருப்பினார். "உட்காருங்கள். பின்பக்கமும் எழுதியிருக்கிறார்."