மழை பெய்யாத படம்

திருச்சியில் கல்விப்படக்காரர்கள் மாநாடு. ஊர் ஊராகப் படம் ஓட்டுகிற ஆபரேட்டர்களும் வந்திருந்தார்கள். பாம்புக்கடி முதலுதவிப் படத்தின் ஒரே பிரதியை நானூறு பள்ளிகளில் காட்டியதாக எழுதிக் கொடுத்து விருதுக்குக் காத்திருந்தார் அதிகாரி திருவேங்கடம். படச்சுருளைத் தொட்டுக்கூடப் பார்க்காதவர்.

மேடைக்குப் பின்னால் தன் ஆபரேட்டர் சவரிமுத்துவை மடக்கினார்.

"நானூறு பள்ளியிலும் நீதான் ஓட்டினதா மேடையில சொல்லணும். இல்லேன்னா உன் வேலை நிரந்தரமாகாது."

சவரிமுத்து ஒன்பது வருஷமாகத் தற்காலிகம். "எனக்குப் பேச வராதுங்க ஐயா. படத்தையே ஓட்டிக் காட்டிடறேன்."

"அதுவும் சரிதான்."

படம் ஓடியது. திரையில் ஒரு கோடு இல்லை, கீறல் இல்லை. முன்வரிசையில் ஒரு கிழட்டு ஆபரேட்டர் எழுந்தார்.

"நாற்பது தடவை ஓட்டினாலே சுருள் தேஞ்சு, திரையில கோடு கோடா மழை கொட்டும். நானூறு தடவை ஓடினதுல தூறல்கூடக் காணோமே தம்பி?"

"பெட்டியை விட்டே இறங்காத படத்துல எப்படிங்க மழை பெய்யும்?" என்றார் சவரிமுத்து.

அரங்கமே சிரித்தது. விருது போனது. சவரிமுத்துவின் வேலையும் போனது. படம் மறுபடி பெட்டிக்குள் போனது.

அதைத்தான் சவரிமுத்துவால் இன்றும் தாங்க முடியவில்லை. அத்தனை பேர் முன்னால், "பெட்டியைக் கொடுங்க, பள்ளிக்கூடங்களுக்கு நான் கொண்டுபோறேன்" என்று கேட்டிருந்தால் அதிகாரியால் மறுத்திருக்க முடியாது. கேட்கத் தோன்றவில்லை.

அடுத்த மாதம் தொட்டியம் பக்கத்தில் ஒரு பள்ளிப்பிள்ளையைப் பாம்பு கடித்தது. வாத்தியார் பதறிப்போய்க் கடிவாயைப் பிளேடால் கீறினார்.

கீறக் கூடாது என்பதுதான் அந்தப் படத்தின் முதல் காட்சி.