ஆவுடையப்பன் விசா வாங்கிய விதம்

சாய்ந்தான்குளத்துக்காரர்கள் சொன்ன சொல்லைத் தட்டாதவர்கள். அவர்களுக்கு இருந்த ஒரே வியாதி அதுதான். அந்த ஊரிலிருந்து முதன்முதலாக ஒருவனுக்கு வெளிநாட்டுப் பல்கலைக்கழகத்தில் இடம் கிடைத்தது. பெயர் ஆவுடையப்பன். படிப்பு, குப்பை மேலாண்மை. எந்த நாடு என்று கேட்காதீர்கள், அதன் பெயர் ஊரில் யார் வாயிலும் நுழையவில்லை. வகுப்பு தொடங்கும் நாளுக்குள் போய்ச் சேராவிட்டால் இடம் வேறு ஆளுக்குப் போய்விடும் என்று மட்டும் எல்லோருக்கும் தெரியும். ஆகவே விசா வாங்கும் பொறுப்பை ஊரே தலையில் போட்டுக்கொண்டது.

பொறுப்பில் முதல் ஆள் கொம்பையா மாமா. யாரையோ வழியனுப்ப ஒரு தடவை விமான நிலைய வாசல்வரை போனவர், அதனால் வெளிநாட்டு விவகாரம் தெரிந்தவர். அடுத்து பேச்சித்தாய் அக்கா. ஜெராக்ஸ் கடை வைத்திருப்பதால் காகிதம் என்றால் அவளுக்கு அத்துப்படி. மூன்றாவது, ஆவுடையப்பனின் சிநேகிதன் தளவாய். அவனுக்கு ஒன்றும் தெரியாது, ஆனால் பைக் வைத்திருந்தான்.

டவுனில் விசா ஏஜென்ட் ஆவுடையப்பனின் பாஸ்போர்ட் போட்டோவைப் பார்த்துவிட்டு, "சிரிக்காம இருக்கீங்க, நல்லது. நேர்ல போறப்பவும் முகம் இதே மாதிரி இருக்கணும்" என்றார்.

அன்றிலிருந்து ஆவுடையப்பன் சிரிக்கவில்லை. அவன் தங்கச்சி கல்யாணம் நடுவில் வந்தது. மணமேடைக்குப் பக்கத்தில் அவன் உம்மென்று நின்றதைப் பார்த்து, சம்பந்தம் பிடிக்கவில்லை போல என்று மாப்பிள்ளை வீட்டார் கிசுகிசுத்தார்கள். தங்கச்சி அழுதாள். பாவம், அவனுக்கும் அழுகை வந்தது. போட்டோவில் அழுகையும் இல்லையே என்று அடக்கிக்கொண்டான்.

ஏஜென்ட் சொன்ன அடுத்த விஷயம் கொஞ்சம் சிக்கலானது. "படிப்பு முடிஞ்சதும் ஊர் திரும்பிருவீங்கன்னு நிரூபிக்கணும். வாய்ச்சொல் செல்லாது. அத்தாட்சி வேணும்."

ஜெராக்ஸ் கடையில் கூட்டம் போட்டார்கள்.

"போவாதவன் திரும்பி வருவான்னு எப்படி மாமா நிரூபிக்கது?" என்றான் தளவாய்.

"அப்ப போகச் சொல்லு" என்றார் கொம்பையா மாமா.

"போறதுக்குத்தானே விசா கேக்கோம்?"

"எல, தென்காசிக்குப் போக எதுக்கு விசா?"

போய்த் திரும்புவதுதானே அத்தாட்சி, அது பக்கத்துத் தென்காசியானால் என்ன என்று முடிவானது. ஆவுடையப்பன் தினமும் காலை பஸ்ஸில் தென்காசி போய் மத்தியானம் திரும்பி வந்தான். போகும்போது முதுகையும் வரும்போது முகத்தையும் பேச்சித்தாய் அக்கா படம் பிடித்தாள். எல்லாப் படத்திலும் முகம் ஒரே மாதிரி இருந்தது.

நேர்காணலுக்குக் கிளம்பும்போது ஏஜென்ட் கடைசியாக, "கேட்டதுக்கு மட்டும் பதில் சொல்லுங்க, கூட ஒரு வார்த்தை பேசக் கூடாது" என்றார்.

தூதரகத்து அம்மாள், "காலை வணக்கம்" என்றார். அது கேள்வி இல்லையே என்று இவன் சும்மா நின்றான்.

"உங்க பேரைச் சொல்ல முடியுமா?"

"முடியும்."

அம்மாள் காத்திருந்தார். இவனும் காத்திருந்தான். காலையிலிருந்து மற்றவர்களின் மனப்பாட உரைகளைக் கேட்டுக் காது புளித்துப்போன அம்மாளுக்கு அந்த அமைதி பிடித்துப்போனது. படங்களைப் புரட்டினார். முதுகு, முகம், முதுகு, முகம். விசா கொடுத்துவிட்டார்.

மாலை மரியாதையோடு விமானம் ஏற்றினார்கள். அந்த நாட்டில் இறங்கியதும் ஓர் அதிகாரி பாஸ்போர்ட்டைப் புரட்டி, "படிப்பு முடிஞ்சா நிச்சயமா திரும்பிப் போவீங்களா?" என்று கேட்டார். போவேன் என்று சொன்னால் அது வெறும் வாய்ச்சொல். அத்தாட்சிப் படங்களோ பெட்டிக்குள் இருந்தன. ஆவுடையப்பன் யோசித்தான். அடுத்த விமானத்தில் திரும்பி வந்துவிட்டான்.

ஊர் அவனைக் கொண்டாடியது. "இதுக்கு மேல என்ன நிரூபிக்க இருக்கு? இனி நிம்மதியாப் போவலாம்" என்றார் கொம்பையா மாமா. ஆனால் அந்த விசா ஒரு தடவை உள்ளே போகத்தான் செல்லும் என்று ஏஜென்ட் தலையில் அடித்துக்கொண்டார்.

மறுபடி விண்ணப்பித்தார்கள். அதே அம்மாள்தான். "நீங்க திரும்பி வருவீங்கன்னு நம்புறேன். இந்தத் தடவை அங்க உக்காந்து படிப்பீங்கன்னுதான் நம்பிக்கை இல்ல. அதுக்கு அத்தாட்சியோட திங்கட்கிழமை வாங்க" என்றார்.

ஊர் திரும்பிய அன்றே பஞ்சாயத்துப் பள்ளிக்கூடத்துக்கு அவனை அழைத்துப் போனார்கள். மூன்றாம் வகுப்பில், கடைசி பெஞ்சில், முழங்கால் இடிக்க உட்காரவைத்தார்கள். டீச்சர் வருகைப்பதிவில் பெயர் சேர்த்துக்கொண்டார். சாப்பாடு, தூக்கம் எல்லாம் பெஞ்சிலேயே. எழுந்திருக்காமல் உட்கார்ந்திருந்தான்.

திங்கட்கிழமை வந்தது. வெள்ளிக்கிழமை அந்த நாட்டில் வகுப்பு தொடங்குகிறது. தளவாய் வாசலில் பைக்கை முறுக்கிக்கொண்டு நின்றான்.

"மாமா, நேரமாச்சு. நான் எந்திரிக்கட்டா?" என்று கேட்டான் ஆவுடையப்பன். முகம் போட்டோவில் இருந்தபடியே இருந்தது.

கொம்பையா மாமாவும் பேச்சித்தாய் அக்காவும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"எந்திரிச்சா அத்தாட்சி போயிருமே" என்றாள் அக்கா.

"அதானே" என்றார் மாமா. "நீ உக்காரு மக்கா. உனக்குப் பதிலா நாங்க போயிட்டு வாரோம்."

போனவர்களுக்கு அங்கே பெரிய சிரமம் ஒன்றும் இருக்கவில்லை. அம்மாள் கேட்ட கேள்விக்கெல்லாம் கச்சிதமாகப் பதில் சொன்னார்கள். மாமாவுக்கும் அக்காவுக்கும் விசா கிடைத்துவிட்டது.