சொக்கப்பன் தன்னையே எடைபோட்ட கதை

வேலங்காட்டு மகாராஜா அதிவீரசேகரருக்கு நாட்டில் மழை பெய்ததா இல்லையா என்பதெல்லாம் தெரியாது. பந்தடியில் யார் ஜெயித்தார்கள் என்று மட்டும் தெரியும். ஒரு நாட்டான் பந்தை எறிவான், எதிர் நாட்டான் மட்டையால் அடிப்பான். யார் அதிகம் அடிக்கிறார்களோ அவர்களுக்கு வெற்றி. அவ்வளவுதான் ஆட்டம். அதற்காக மகாராஜா சாப்பாட்டையே மறந்துவிடுவார். இல்லை, அது கொஞ்சம் அதிகம். சாப்பாட்டை மறக்க மாட்டார், ராணியின் பெயரை மறப்பார்.

ஆனால் வருஷா வருஷம் மாசித் திருவிழா ஆட்டத்தில் வேலங்காடு கீழைமலை நாட்டிடம் தோற்று மண்ணைக் கவ்வியது. முதல் எறிவாளன் கொம்பையா எறிகிற பந்து, இலையில் சோறு பரிமாறுவது போல எதிராளியின் மட்டையிலேயே போய் விழும்.

"வேறு எறிவாளன் வேண்டும்! எதைக் கொடுத்தாவது வாங்குங்கள்!" என்று மகாராஜா சபையில் முழங்கினார்.

தளவாய் இருளப்பர் தயாராகத்தான் வந்திருந்தார். "மூன்று பேர் கிடைப்பார்கள் மகாராஜா. பாலையூர்க்காரன் மின்னல் வேகம். இரண்டு யானை கேட்கிறார்கள். ஆனால் பந்து எங்கே போகும் என்று அவனுக்கே தெரியாது. போன வாரம் சொந்த ராஜாவின் முன்பல்லைப் பெயர்த்துவிட்டான்."

"எனக்குப் பல் வேண்டும். அடுத்தவன்?"

"நெய்தலூர்க்காரன். ஒரு தேக்கங்காடு கேட்கிறார்கள். நல்ல கை. ஆனால் ஒவ்வொரு பந்துக்கும் நல்ல நேரம் பார்ப்பான். ராகு காலம் முடிகிறவரை எல்லோரும் வெயிலில் நிற்க வேண்டும்."

"மூன்றாமவன்?"

"கீழைமலை நாட்டு வடமலை. அவன் பந்தை இதுவரை ஒருத்தனும் தொட்டதில்லை. விலையும் ஒன்றும் பெரிதில்லை. நம் சொக்கப்பனைக் கொடுத்தால் போதுமாம்."

சொக்கப்பனுக்கு வெற்றிலை தொண்டையில் சிக்கியது. அந்தச் சபையில் யோசனை சொல்வதும் சிரிக்கவைப்பதும் அவன் வேலை. கீழைமலை ராஜாவைப் பற்றி அவனுக்கு நன்றாகத் தெரியும். சிரிப்பு வராவிட்டால், விகடம் சொன்னவனைக் கழுத்தளவு குளத்தில் நிறுத்திவிடுவார். பட்டம் கட்டிய நாளிலிருந்து அவர் சிரித்ததே இல்லை. இப்படி ஒரு விலையை அங்கே சொல்லிக்கொடுத்தவர் யார் என்பது, தளவாயின் குளிர்ந்த முகத்தைப் பார்த்ததுமே அவனுக்குப் புரிந்துவிட்டது.

மகாராஜா சந்தையில் மாட்டைப் பார்ப்பது போல அவனை மேலும் கீழும் பார்த்தார். "நல்ல பேரமாகத்தான் தெரிகிறது. இருந்தாலும் அவசரப்படக் கூடாது. சொக்கப்பா, எடைபோடுவதில் நீ கெட்டிக்காரன். உன்னைக் கொடுப்பது எனக்கு லாபமா நஷ்டமா என்று நீயே பார்த்து நாளைக்குச் சொல்."

சொக்கப்பன் சாயங்காலம் பந்தடித் திடலுக்குப் போனான். அங்கே கொம்பையா பந்து எறிய, மகாராஜா வழக்கம்போல் பயிற்சி செய்துகொண்டிருந்தார். கண்ணை இறுக மூடி மட்டையைச் சுழற்றினார். பந்து தேடி வந்து மட்டையில் பட்டது. மறுபடி சுழற்றினார். மறுபடியும் பட்டது.

மகாராஜா போனதும் சொக்கப்பன் கொம்பையாவை மடக்கினான். "என்னடா நடக்கிறது இங்கே?"

"மகாராசா அடிக்காம விட்டா என் தல இருக்குமாங்கய்யா? மட்டை எங்க வருதுன்னு பாத்து அங்கயே போட்டுப் பழகிட்டேன். இப்ப எதிராளி நின்னாலும் கை அங்கதான் போவுது" என்று அவன் அழாத குறையாகச் சொன்னான்.

நோய் தெரிந்துவிட்டது. ஆனால் மகாராஜாவிடம் போய், உங்களுக்கு மட்டை பிடிக்கத் தெரியாது என்று எவன் சொல்வது? அதைச் சொல்வதற்குக் குளத்தில் நிற்பதே மேல்.

மறுநாள் சபை கூடியது.

"மகாராஜா, எடைபோட்டுப் பார்த்தேன். வடமலையை வாங்கினால் கொஞ்ச நாளில் அவனும் கொம்பையா ஆகிவிடுவான்" என்றான் சொக்கப்பன்.

"அதெப்படி?"

"கொம்பையாவின் கை எப்படிக் கெட்டது? தினமும் தங்கள் மட்டைக்கு முன்னால் நிற்கிறான். எந்தக் கைதான் அதைத் தாங்கும்?"

மகாராஜாவின் மீசை மெல்ல மேலே ஏறியது. "அட, எனக்கு இது தோன்றவே இல்லையே!"

"இப்படிப்பட்ட ஆயுதத்தை நம் ஆள்மேலேயே ஏவுவதா? சரக்கைச் சோதித்துத்தான் வாங்குவேன் என்று கீழைமலைக்கு விருந்தாளியாகப் போங்கள். திருவிழாவரை தங்கி, வடமலையின் பந்துகளை நொறுக்குங்கள்."

"வடமலையின் பந்தை மகாராஜாவால்..." என்று தொடங்கிய தளவாய் சட்டென்று நிறுத்தினார்.

"மகாராஜாவால் என்ன, தளவாயாரே? முடியாதா?" என்று கேட்டான் சொக்கப்பன், வெகு பணிவாக.

"ஐயோ! தாராளமாக முடியும்!"

மகாராஜா மட்டையும் கையுமாகக் கிளம்பிவிட்டார். கீழைமலை ராஜா வடமலையைத் தனியே கூப்பிட்டார். "விருந்துக்கு வந்த ராஜாவுக்கு அவமானம் நேர்ந்தால் யுத்தம் வரும். பந்து அவர் மட்டையில் படாவிட்டால் உன் தலை உனக்கில்லை" என்று எச்சரித்தார். வடமலை பாவம், மட்டையைத் தேடித் தேடி எறிந்தான். இங்கே கொம்பையாவோ நிம்மதியாக அரண்மனைத் தோப்பில் கல்லெறிந்து மாங்காய் வீழ்த்திக்கொண்டிருந்தான்.

திருவிழா ஆட்டம் வந்தது. வடமலையின் பந்தெல்லாம் வேலங்காட்டு மட்டைகளைத் தேடி வந்தது. கொம்பையாவின் பந்தை ஒருவனாலும் தொட முடியவில்லை. வேலங்காடு ஜெயித்தது. மகாராஜா சந்தோஷத்தில் கொம்பையாவைக் கட்டிக்கொண்டு அழுதேவிட்டார்.

கூட்டம் கலைவதற்குள் கீழைமலைத் தூதர் வந்து கைகூப்பினார். "மகாராஜா, எங்கள் அரசர் சொல்லியனுப்பினார். சொக்கப்பன் வேண்டாம். வடமலையைச் சும்மாவே வைத்துக்கொள்ளுங்கள். ஒரே ஒரு விண்ணப்பம். தாங்கள் மட்டும் இனிமேல் விருந்துக்கு வர வேண்டாம்."

"பயந்துவிட்டான்! என் அடிக்குப் பயந்துவிட்டான்!" மகாராஜா தொந்தி குலுங்கச் சிரித்தார். "சொக்கப்பா, உன்னை யாருக்கும் கொடுப்பதாக இல்லை. என்ன வேண்டும், கேள்!"

"கொம்பையாவின் கை இனியாவது பிழைக்கட்டும் மகாராஜா. தினமும் தங்களுக்குப் பந்து எறிகிற பாக்கியத்தைத் தளவாயாருக்குக் கொடுங்கள்."

"இருளப்பருக்கு எறியத் தெரியுமா? அவர் எறிந்து நான் அடிக்காமல் விட்டுவிட்டால்?"

"தாங்களாவது, விடுவதாவது! அப்படி ஒன்று நடந்தால் அது எறிந்தவர் குற்றம்தானே?"

"ஆமாம், ஆமாம். எறிந்தவர் குற்றமேதான்!" என்று மகாராஜா மறுபடியும் சிரித்தார். கூட்டமே சேர்ந்து சிரித்தது.

தளவாய் இருளப்பர் மட்டும் தன் கழுத்தைத் தடவிப் பார்த்துக்கொண்டார்.