மின்னல் கடித்த கத்தரி

அந்தக் காலத்தில் மின்னலுக்கு மலை உச்சியில் ஒரு குகை இருந்தது. பகலெல்லாம் அங்கேதான் படுத்துத் தூங்கும். பொழுது சாய்ந்ததும் எழுந்து, அடிவாரத்து ஊர்க்காரர்கள் கட்டிவைத்த செம்புக் கம்பி வழியாக இறங்கி வரும். வீட்டுக்கு வீடு நின்று வெளிச்சம் கொடுத்துவிட்டு விடிவதற்குள் திரும்பிப் போய்விடும். அதற்கு ஈடாக மின்னல் ஒன்றே ஒன்றுதான் கேட்டது.

"நான் நடந்து வரும்போது யாரும் என் வழியை அறுக்கக் கூடாது. அறுத்தவர் உயிரை எடுத்துக்கொள்வேன்."

ஊர் ஒப்புக்கொண்டது. அப்போது மரமும் மாடும் இரும்பும்கூடப் பேசின. கொடுத்த வாக்கை யாரும் மீறியதில்லை.

அந்தக் கம்பியைப் பார்த்துக்கொள்கிற பொறுப்பு தவசிக்கும் அவன் மனைவி மாதரசிக்கும் இருந்தது. கம்பியின் மேல் நூல் சுற்றி அரக்கு பூசியிருக்கும். வெயிலிலும் மழையிலும் அரக்கு உதிர்ந்த இடங்களை இருவரும் பகலில் தேடிப் பிடித்து, பழைய துண்டை வெட்டி எடுத்துப் புதுத் துண்டை முறுக்கிச் சேர்ப்பார்கள்.

ஒரு மழைக்காலத் தொடக்கத்தில் அவர்களுடைய பழைய கத்தரிகள் தேய்ந்துபோயின. இருவரும் இருளப்ப ஆசாரியின் உலைக்குப் போனார்கள். ஆசாரி பலகையில் இரண்டை எடுத்து வைத்தார். ஒன்று தகரம் வெட்டுகிற பெரிய கத்தரி. கனத்த கைப்பிடி, தடித்த அலகு. இன்னொன்று மெலிந்தது. நீண்ட அலகும் விரல் நுழைக்க இரண்டு வளையமும் அதற்கு.

"பெரியதுக்கு ஒரு பால் ஆடு கொடுக்கணும். சின்னதுக்கு ஒரு மரக்கால் கம்பு போதும்" என்றார் ஆசாரி.

"எனக்காக ஓர் ஆடு கொடுத்தால் நஷ்டமில்லை" என்றது தகரக் கத்தரி. "கூரைத் தகட்டையே கிழிப்பேன். உங்கள் பேரன் காலம் வரைக்கும் உழைப்பேன்."

தவசி அதைக் கையில் தூக்கிப் பார்த்தான். அதன் கனம் அவனுக்குப் பிடித்திருந்தது. மாதரசியும் வாங்கி நாலைந்து முறை அழுத்திப் பார்த்தாள். உள்ளங்கை வலித்தது.

"நீ என்ன சொல்றே?" என்று மெலிந்த கத்தரியைக் கேட்டாள்.

"என்னால் தகரம் வெட்ட முடியாது, தாயி. பெரிய உழைப்பாளி என்றும் சொல்லிக்கொள்ள மாட்டேன். ஆனால் பொழுதெல்லாம் என்னை வைத்து வேலை செய்தாலும், சாயங்காலம் உன் கை சோறு பிசைய மறுக்காது."

மாதரசி வளையத்தில் விரலை நுழைத்தாள். பொருந்தி நின்றது.

"ரெண்டு மழை தாங்குமா அது? வேற வேணும்னா இப்பவே சொல்லு" என்றான் தவசி.

"உங்க கைக்கு அது சரி. என் கைக்கு இதுதாங்க" என்றாள் அவள்.

ஆட்டையும் கம்பையும் கொடுத்து இரண்டையும் வாங்கி வந்தார்கள். அந்த மழைக்காலம் முழுக்க மாதரசியின் மடியில் அந்தக் கத்தரிதான் இருந்தது. வேலைக்கு நடுவே அவளோடு பேசிக்கொண்டே இருக்கும். மண்ணுக்குள் கனிமமாகக் கிடந்த நாளில் வேர்கள் தன்மேல் ஊர்ந்ததைச் சொல்லும். தவசி வாய் திறக்காத மனிதன். அதனால் அவளுக்கு அந்தப் பேச்சுத் துணை பெரிதாக இருந்தது.

ஐப்பசியில் ஒரு நாள் பிற்பகல். ஏரிக்கரையில் ஒரு மருத மரக்கிளை முறிந்து கம்பியின் மேல் சாய்ந்திருந்தது. தவசி தகரக் கத்தரியோடு மரத்தில் ஏறிக் கிளையை நீக்கிக்கொண்டிருந்தான். மாதரசி கரைக்குக் கீழே புதுக் கம்பிக்கு நூல் சுற்றினாள். பொழுது சாய இன்னும் நேரம் இருந்தது. ஆனால் மேற்கிலிருந்து கருமேகம் எழும்பி மலையை மூடிவிட்டது. குகைக்குள் இருட்டியதும், அந்தி வந்துவிட்டதென்று நினைத்து மின்னல் எழுந்துவிட்டது.

இடி இடித்தது. மேலே பார்த்த மாதரசி, அவிழ்ந்த கம்பி தவசியின் கையைச் சுற்றி வளைத்திருப்பதைக் கண்டாள். அவன் உடம்பு விறைத்து நடுங்கியது. வாயிலிருந்து சத்தம் வரவில்லை. கரையில் மாடு மேய்த்துக்கொண்டிருந்த ஒருவர் ஓடிவந்து ஈர மூங்கிலால் கம்பியைத் தட்டினார். மின்னல் அவரைத் தூக்கி எறிந்தது.

"வெட்டிவிடு" என்று தவசியின் கையிலிருந்த தகரக் கத்தரியைப் பார்த்துக் கத்தினாள் மாதரசி.

"அவர் விரல் என்னை விடமாட்டேன் என்கிறது, தாயி. வாயைத் திறக்க முடியவில்லை. கம்பி சுடுகிறது என்று முதலிலேயே சொன்னேன். இடிச் சத்தத்தில் அவருக்குக் கேட்கவில்லை."

மாதரசி மரத்தில் ஏறினாள். மடியிலிருந்து கத்தரியை எடுத்தாள். எடுத்த கை அப்படியே நின்றது. மின்னலுக்கு ஊர் கொடுத்த வாக்கு அவளுக்குத் தெரியாதா?

"எனக்குப் பயமா இருக்கு" என்றாள்.

"எனக்கும்தான்" என்றது கத்தரி. "மின்னல் வராத நேரத்தில், தூங்குகிற கம்பியை வெட்டத்தான் என்னைச் செய்தார்கள். ஆனாலும் வெட்டு. கேள்வி வந்தால் நீ வாயைத் திறக்காதே."

"ஏன்?"

"நேரமில்லை, தாயி."

அவள் கம்பியை அலகின் அடியில் கொடுத்து, கண்ணை மூடிக்கொண்டு அழுத்தினாள்.

வெள்ளை வெளிச்சம் ஏரி முழுக்கப் பரவி அடங்கியது. தவசி கிளையிலிருந்து சரிந்து சேற்றில் விழுந்தான். அறுந்த கம்பியின் முனையில் மின்னல் நின்றது.

"என் வழியை அறுத்தது யார்?"

மாதரசியின் உதடு அசைந்தது. அதற்குள் கத்தரி பேசிவிட்டது.

"நான்தான் அறுத்தேன். பார், உன் சூடு என் வாயில்தான் இருக்கிறது. இவள் கை என்னைப் பிடித்திருந்தது, அவ்வளவுதான்."

மின்னல் அவள் முகத்தைப் பார்த்தது. அவள் சொல்ல வந்ததை அது அறியாமல் இருந்திருக்காது. ஆனால் வாக்கு வாக்குதான். அறுத்ததாக ஒப்புக்கொண்டவரைத்தான் அது எடுக்க வேண்டும்.

"சரி" என்றது. கத்தரியைக் கடித்தது. பிறகு வந்த வழியே திரும்பிப் போனது.

கத்தரியின் நீண்ட அலகுகள் பாதியோடு உடைந்து ஏரியில் விழுந்தன. மிச்சமிருந்த அலகின் அடியில், பிறைபோல ஒரு பள்ளம் உருகியிருந்தது. மாதரசி அதை முகத்தருகே வைத்துக் கூப்பிட்டாள். மழை விழும் ஓசை மட்டும் கேட்டது.

தவசி பிழைத்தான். மாடு மேய்த்தவரும் எழுந்து உட்கார்ந்தார். தவசியின் வலக்கை விரல்கள் மட்டும் அதன்பின் முழுதாக நிமிரவேயில்லை. மறுநாள் அவனே அவளோடு ஆசாரியின் உலைக்கு நடந்துவந்தான். எப்போதும் சுத்தியலும் இடுக்கியும் சளசளவென்று பேசிக்கொண்டிருக்கிற இடம். அன்று ஒரு சொல் இல்லை.

"நேத்து அந்த இடி இடிச்சதிலிருந்து எதுவும் பேசல" என்றார் ஆசாரி. "மின்னல் எல்லாத்தோட பேச்சையும் எடுத்துக்கிச்சோ, இதுகளே துக்கம் காக்குதோ, தெரியல."

மாதரசி உடைந்த கத்தரியைப் பலகையில் வைத்தாள். ஆசாரி அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"பள்ளத்தை அரத்தால தேய்ச்சு எடுத்திடட்டுமா?"

அவளுக்கு முன்னால் தவசி பதில் சொன்னான். "வேணாம், ஆசாரியாரே. அது இருக்கட்டும்."

ஆசாரி ஒரு கம்பித் துண்டை எடுத்து வெட்டிப் பார்த்தார். அலகு குட்டையாகிவிட்டதால் முன்னைவிட எளிதாக வெட்டியது. பள்ளத்தில் கம்பியை வைத்து இழுத்தபோது மேல்நூலும் அரக்கும் மட்டும் உரிந்து வந்தன. செம்பில் கீறல்கூட இல்லை. அவர் வளையங்களைக் கொஞ்சம் அகட்டி, அரக்கில் தோய்த்த துணியைக் கைப்பிடி முழுக்கச் சுற்றி, அவளிடம் திருப்பிக் கொடுத்தார்.

பிறகு அதை மாதிரியாக வைத்தே மற்ற ஊர்க் கம்பிக்காரர்களுக்கும் அடித்துக் கொடுத்தார். பள்ளத்தை யாரும் குறை சொல்லவில்லை.

அன்று முதல்தான் கம்பி வேலைக்காரர்களின் கத்தரிக்குக் குட்டை அலகும், அதன் அடியில் ஒரு பிறைப் பள்ளமும் இருக்கின்றன. இரும்பு வாய் திறந்து எச்சரிக்காது என்பதால், வெட்டுவதற்கு முன் அவர்கள் மேலே நிற்பவரையும் கீழே நிற்பவரையும் கூப்பிட்டு, கம்பி தூங்குகிறதா என்று கேட்டுக்கொண்ட பிறகே வெட்டுகிறார்கள்.