உத்தரவில்லாமல் அசைந்த கை

கற்பூரம் ஏற்றிச் சத்தியம் செய்யச் சொன்னாலும் செய்வேன். ஒரு கட்டி போதாதென்றால் ஒரு வண்டிக் கற்பூரம் கொண்டுவாருங்கள். இதில் ஓர் எழுத்தும் பொய் கிடையாது.

வெகு காலத்துக்கு முன்னால் குவளைநாட்டை உக்கிரமாறன் என்கிற ராஜா ஆண்டுவந்தார். நல்லவர்தான். ஆனால் காலையில் ஒரு புத்தி, மாலையில் ஒரு புத்தி. ஒருநாள் காலையில், “என் உத்தரவில்லாமல் இந்த நாட்டில் எதுவும் அசையக்கூடாது” என்று சட்டம் போட்டார். அன்று மாலை மட்டும் புத்தி மாறவில்லை. அதுதான் சங்கடம்.

துணியைத் துவைத்தவர்கள் பிழிவதற்கு உத்தரவு கேட்டு அரண்மனை வாசலில் நின்றார்கள். அடைகாத்த கோழி ஒன்று, உத்தரவு ஓலை வரட்டும் என்று குஞ்சுகளை ஓட்டுக்குள்ளேயே வைத்திருந்தது. அந்தக் கோழியை நானே பார்த்தேன்.

இந்த நிலையில் ஐப்பசி மழை கொட்டி, பெரிய ஏரி தளும்பியது. மதகுக் காவலன் குருந்தன் பார்த்தான். கரை கசிகிறது, கீழே ஊர் இருக்கிறது. தலைநகருக்கு ஓர் ஆளை ஓடவிட்டான். அவன் திரும்பும்வரை காத்திராமல் மதகைத் திறந்துவிட்டான். ஊர் பிழைத்தது. குருந்தன் மாட்டிக்கொண்டான்.

அவனைச் சபைக்கு இழுத்துவந்தவர் தளவாய் சூரசங்கன். குருந்தனை வேலைக்கு வைத்தவர் அமைச்சர் வெண்காடர். அமைச்சர் பெயர் கெட்டால் தளவாய்க்கு அன்று இரண்டு கவளம் கூடுதலாக இறங்கும்.

“ஏனடா திறந்தாய்?” என்றார் ராஜா.

“சேதியும் அனுப்பினேன், திறக்கவும் திறந்தேன் மகாராஜா. உத்தரவு வந்துசேரும்போது ஊர் இருக்காதே.”

“திறந்த கையை வெட்டுங்கள்” என்றார் ராஜா. குருந்தன் தன் வலக்கையை ஒருமுறை பார்த்துக்கொண்டான். வேறு என்ன செய்வான்?

வெண்காடர் உட்கார்ந்தபடியே வணங்கினார். “நியாயம்தான் மகாராஜா. ஒரு சந்தேகம். உத்தரவில்லாமல் அசைகிற எந்தக் கைக்கும் இதே தண்டனைதானா?”

“எந்தக் கையானாலும்.”

“கால் அசைந்தால்?”

தளவாய் முந்திக்கொண்டார். “காலுக்கும்தான். மகாராஜாவின் இமைகூட அவரைக் கேட்டுத்தான் இமைக்கிறது. ஏன், என் உடம்பிலேயே நான் சொல்லாமல் எதுவும் நடக்காது.”

“சபை கேட்டுக்கொண்டது” என்றார் வெண்காடர். “மகாராஜாவின் சுக்குப்பால் வேளை. அருந்திவிட்டே வெட்டலாம்.”

ராஜா எப்போதும் மரக்கிண்ணத்தில்தான் குடிப்பார். மரத்தில் சூடு தெரியாது. அன்றைக்குப் பால் வெள்ளிக் கிண்ணத்தில் வந்தது. மாற்றச் சொன்னது யார் என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

வாள்காரனைப் பார்த்தபடியே ராஜா கிண்ணத்தைத் தொட்டு எடுத்தார். கை வெடுக்கென்று பின்னால் போனது. கிண்ணம் பறந்தது. பால் முழுவதும் தளவாயின் மடியில். தளவாய் கூரையை எட்டிப்பார்ப்பதுபோல் குதித்தார். ராஜா எழும்முன் யாரும் எழக்கூடாது என்பது அந்தச் சபையின் வழக்கம்.

வெண்காடர் நிதானமாகக் கேட்டார்.

“மகாராஜா, கையை எடுக்கச் சொல்லி உத்தரவு போட்டீர்களா?”

ராஜா யோசித்தார். சட்டம் போட்டவர், பொய் சொல்ல முடியவில்லை. “இல்லை. கை வந்த பிறகுதான் சுட்டதே தெரிந்தது.”

“தளவாயாரே, நீங்கள்?”

தளவாய் மடியை ஊதிக்கொண்டிருந்தார்.

“விரல்நுனியில் இருக்கிற நரம்பு ஓட்டக்காரன் மாதிரி” என்றார் வெண்காடர். “‘சுடுகிறது’ என்று சேதி எடுத்துக்கொண்டு ஓடுகிறான். தலைக்குப் போகும் வழியில் முதுகெலும்புக்குள் தண்டுவடம் இருக்கிறது. சேதியைக் கேட்டதும் அதுவே ‘கையை எடு’ என்று வேறொரு நரம்பு வழியாக உத்தரவு அனுப்பிவிடும். தலைக்கும் சேதி போகும், கொஞ்சம் பிந்தி. அதற்குள் விரல் பிழைத்திருக்கும்.”

“அப்படியானால் தலை எதற்கு?” ராஜாவுக்குக் கொஞ்சம் கோபம்.

“யோசிக்க, நினைவு வைக்க, சட்டம் போடப் பெருமூளை. அதுதான் மகாராஜா. நடக்கும்போது தள்ளாடாமல் பார்க்கப் பின்னால் ஒரு சிறுமூளை. அதற்கும் கீழே முகுளம் என்று ஒருவர். மூச்சும் நாடித்துடிப்பும் அவர் பொறுப்பு. நீங்கள் தூங்கும்போதும் அவர் வேலை செய்கிறார். உங்கள் உத்தரவுக்குக் காத்திருந்தால் மறுநாள் வேறு ராஜாதான்.”

ராஜா தன் விரலைப் பார்த்தார். குருந்தனின் கையையும் பார்த்தார்.

“இவன் என் தண்டுவடமா?”

“சேதியும் அனுப்பினான், திறக்கவும் திறந்தான்.”

“வாளை உறையில் போடு” என்றார் ராஜா. சட்டம் அங்கேயே செத்தது. வெட்டச் சொன்ன கையிலேயே தன் பொன்காப்பைக் கழற்றிப் போட்டார். பிறகு தளவாய் பக்கம் திரும்பினார்.

“உமது உடம்பில் நீர் சொல்லாமல் எதுவும் நடக்காது அல்லவா? இங்கேயே உட்காரும். பொழுது சாயும்வரை ஒவ்வொரு மூச்சுக்கும் நீரே உத்தரவு போடும்.”

“மூச்சே உள்ளே போ, மூச்சே வெளியே வா” என்று தளவாய் ஆரம்பித்தார். சபை வேறு வழக்குகளை விசாரித்தது. மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு சத்தம் குறைந்தது. அப்புறம் தலை சாய்ந்தது. அப்புறம் தூண் அதிரக் குறட்டை.

“இது யார் உத்தரவு?” என்றார் ராஜா.

“முகுளத்தார் உத்தரவு” என்றார் வெண்காடர். “எழுப்ப வேண்டாம். இன்றைக்குத் தளவாயார் செய்ததில் இது ஒன்றுதான் ஒழுங்காக நடக்கிறது.”

இவ்வளவுதான். ஆனால் நான்தான் சொன்னேன் என்று யாரிடமும் சொல்லிவிடாதீர்கள். அந்தத் தளவாய் வம்சத்தார் எங்கள் தெருவில்தான் குடியிருக்கிறார்கள், கோபக்காரர்கள். சொல்லிவிட்டு, ‘வாய் தானாக அசைந்துவிட்டது’ என்று என்னிடம் வரவும் வேண்டாம். சுட்டால் கை தானாக வரும். பேச்சு மட்டும் பெருமூளையைக் கேட்டுத்தான் வரும்.